சிறாரில் பெருந்தமனிக் காயங்களுக்கான குழாய்வழிச் சீரமைப்பு

சிறாரில் பெருந்தமனிக் காயங்களுக்கான குழாய்வழிச் சீரமைப்பு என்பது, விபத்தில் கிழிந்த பெருந்தமனியை நெஞ்சைத் திறக்காமல் உட்புறமாகவே அடைக்கும் ஒரு மருத்துவ முறை ஆகும். துணியுறை இடப்பட்ட உலோக வலைக்குழாய் ஒன்று தொடைத் தமனியின் வழியாக உள்ளே செலுத்தப்பட்டு, கிழிந்த இடத்தில் விரிக்கப்படுகிறது. இந்த வலைக்குழாய் ஸ்டென்ட் ஒட்டுக்குழாய் எனப்படும். இக்கட்டுரையில் இது சுருக்கமாக ஒட்டுக்குழாய் என்று குறிப்பிடப்படுகிறது.

பெரியவர்களில் இம்முறை திறந்த அறுவைச் சிகிச்சையைப் பெருமளவு விலக்கி முதன்மை இடத்தைப் பிடித்துள்ளது. சிறாரில் நிலைமை வேறு. குழந்தையின் பெருந்தமனி சிறியது. அது வளர்ந்துகொண்டும் இருப்பது. உள்ளே வைக்கப்படும் ஒட்டுக்குழாயோ வளர்வதில்லை. எனவே இன்று உயிரைக் காக்கும் கருவி, சில ஆண்டுகளுக்குப் பின் அதே தமனியில் இடுக்கமாக மாறக்கூடும். இதனால் சிறாரில் இச்சிகிச்சை முடிந்த தீர்வாக அன்றி, பல வேளைகளில் குழந்தை வளரும் வரையிலான ஒரு பாலமாகவே கருதப்படுகிறது.

பெருந்தமனியும் காயம் ஏற்படும் இடமும்

பெருந்தமனி என்பது இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் குருதியைக் கொண்டுசெல்லும் மிகப் பெரிய தமனி ஆகும். இது முதலில் மேல்நோக்கி ஏறி, பின்னர் வில்போல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. வளைவுப் பகுதியிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் பிரிகின்றன. அவற்றுள் கடைசியாகப் பிரிவது இடது கைக்குச் செல்லும் இடது காறையடித் தமனி ஆகும்.

பெருந்தமனியின் சுவர் உட்படலம், நடுப்படலம், வெளிப்படலம் என மூன்று அடுக்குகளைக் கொண்டது. மோதலின் விசையால் முதலில் கிழிவது பெரும்பாலும் உட்படலமும் நடுப்படலமும் ஆகும். வெளிப்படலமும் கிழிந்தால் சில நிமிடங்களுக்குள் உயிர் பிரியக்கூடும். வெளிப்படலமும் சுற்றியுள்ள திசுக்களும் தாங்கிக்கொண்டால் மட்டுமே காயமுற்றவர் மருத்துவமனையை அடைய முடிகிறது.

காயம் மிகுதியாக ஏற்படும் இடம், இடது காறையடித் தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள இடுக்குப் பகுதியாகும். கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்திருந்த குழாய், பிறந்த பின் மூடி ஒரு நாணாகச் சுருங்கி விடுகிறது. அந்த நாண் பெருந்தமனியை இவ்விடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மேலுள்ள வளைவுப் பகுதி ஓரளவு அசையக்கூடியது. கீழிறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டி நிற்பது. வேகமாகச் செல்லும் உடல் சட்டென நிறுத்தப்படும்போது, இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு அளவில் நகர முயல்கின்றன. அவற்றின் சந்திப்பில் இழுவிசையும் முறுக்கு விசையும் குவிகின்றன. நெஞ்சு நசுங்குவதும், அதே கணத்தில் பெருந்தமனியினுள் குருதி அழுத்தம் திடீரென உயர்வதும் கிழிசலுக்குத் துணை செய்கின்றன.

சிறாரில் காரணங்கள்

சிறாரில் பெருந்தமனிக் காயம் அரிதானது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் சிறாரில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவானவர்களிடமே இது காணப்படுகிறது. குழந்தைகளின் தமனிச்சுவர் நெகிழ்ச்சி மிக்கதாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பாதிக்கப்படுவோரில் பதின்ம வயதினரே மிகுதி.

முதன்மையான காரணங்கள் வருமாறு:

* மோட்டார் வாகனங்கள் மோதிக்கொள்ளுதல்
* நடந்து செல்லும் சிறார் மீது வாகனம் மோதுதல்
* உயரமான இடத்திலிருந்து விழுதல்
* கனமான பொருளோ வாகனமோ நெஞ்சின் மீது ஏறி நசுக்குதல்

காரின் இருக்கைப் பட்டையை இடுப்புக்குக் குறுக்காக மட்டும் அணிந்திருக்கும் குழந்தைகளில் வேறொரு வகைக் காயமும் ஏற்படுவதுண்டு. மோதலின்போது பட்டை மேலேறி வயிற்றை அழுத்துவதால் குடல், இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஆகியவற்றோடு வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் காயமடையலாம். குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற இருக்கையும், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையும் வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

காயத்தின் தரங்கள்

குருதிக்குழாய் அறுவை மருத்துவச் சங்கம் 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெருந்தமனிக் காயங்களை நான்கு தரங்களாகப் பிரிக்கின்றன. பெரியவர்களுக்காக வகுக்கப்பட்ட இப்பகுப்பே சிறாருக்கும் பயன்படுத்தப்படுகிறது.

* முதல் தரம்: உட்படலத்தில் மட்டும் கிழிசல்
* இரண்டாம் தரம்: சுவரின் அடுக்குகளுக்கிடையே குருதி தேங்குதல்
* மூன்றாம் தரம்: போலித் தமனி வீக்கம். உள் அடுக்குகள் கிழிந்து, குருதி வெளிப்படலத்தாலும் சூழ்திசுக்களாலும் மட்டுமே தடுக்கப்பட்டுப் பை போல் புடைத்து நிற்கும் நிலை
* நான்காம் தரம்: சுவர் முழுவதும் கிழிந்து குருதி வெளியேறுதல்

முதல் தரக் காயங்கள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடுகின்றன. இவற்றுக்கு மருந்தும் மீண்டும் மீண்டும் படமெடுத்துப் பார்த்தலுமே போதுமானவை. மூன்றாம், நான்காம் தரக் காயங்களுக்குச் சீரமைப்பு தேவைப்படுகிறது. இரண்டாம் தரத்தில் சீரமைப்பதா, காத்திருப்பதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. சிறாரில் ஒட்டுக்குழாயின் நீண்டகால விளைவுகளைக் கருதி, இயன்றவரை காத்திருக்கும் போக்கே மிகுதியாகக் காணப்படுகிறது.

கண்டறிதல்

பெருந்தமனிக் காயத்துக்குத் தனித்த அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்கலாம். நெஞ்சுவலி, முதுகுவலி, மூச்சுத்திணறல், கைகளுக்கும் கால்களுக்கும் இடையே குருதி அழுத்த வேறுபாடு ஆகியவை ஐயத்தை எழுப்பும். ஆனால் இத்தகைய குழந்தை பல வேளைகளில் தலைக்காயத்தால் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படுகிறது; தன் வலியை எடுத்துச் சொல்ல இயலாது.

பெரியவர்களில் விலா எலும்பு முறிவுகள் உள்காயத்தின் கடுமையை உணர்த்துகின்றன. சிறாரின் விலா எலும்புகள் வளையக்கூடியவை. அவை முறியாமலேயே மோதலின் விசையை உள்ளுறுப்புகளுக்குக் கடத்திவிடும். எனவே எலும்பு முறிவு இல்லாததைக் கொண்டு பெருந்தமனிக்குக் காயமில்லை என்று முடிவு செய்ய முடியாது.

நெஞ்சு ஊடுகதிர்ப் படத்தில் நடுமார்புப் பகுதி அகன்று தெரிவது முதன்மையான குறிப்பாகும். ஆயினும் சிறு குழந்தைகளில் தைமஸ் சுரப்பி இயல்பாகவே பெரிதாக இருப்பதால், இக்குறிப்பு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லலாம். குருதியில் சாயம் செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் இன்று முதன்மைச் சோதனையாக உள்ளது. காயத்தின் தரம், இடது காறையடித் தமனியிலிருந்து அதன் தொலைவு, பெருந்தமனியின் விட்டம், இடுப்புத் தமனிகளின் விட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே படத்தொகுதியிலிருந்து அளக்க முடிகிறது.

சீரமைப்புக்கு முந்தைய மருத்துவம்

காயம் கண்டறியப்பட்டவுடன் குருதி அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுக்குள் கொண்டுவருவது முதற்பணியாகும். இதற்கு எஸ்மலால், லபெட்டலால் போன்ற மருந்துகள் நரம்பின் வழியாகச் செலுத்தப்படுகின்றன. அழுத்தத்தின் உச்ச அளவு மட்டுமன்றி, ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதும் கிழிந்த சுவரைப் பாதிக்கிறது. இம்மருந்துகள் இரண்டையும் குறைக்கின்றன. குழந்தையின் வயதுக்கு ஏற்ப இலக்கு அளவுகள் மாறும்.

தலைக்காயமும் சேர்ந்திருந்தால் இங்கு ஒரு முரண்பாடு எழுகிறது. பெருந்தமனிக்கு அழுத்தம் குறைவாக இருப்பது நல்லது. வீங்கிய மூளைக்குக் குருதி சென்றடையப் போதிய அழுத்தம் வேண்டும். ஆகவே எந்தக் காயம் முதலில் உயிரைப் பறிக்கும் என்பதைக் கணித்தே மருத்துவர்கள் வரிசையை முடிவு செய்கின்றனர். குருதிக்கசிவு கட்டுக்குள் இருக்கும் நிலையில், வயிறு, தலை ஆகியவற்றின் காயங்களைக் கவனித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குப் பின்னர் பெருந்தமனியைச் சீரமைப்பது பொதுவான வழக்கமாக உள்ளது.

திறந்த அறுவைச் சிகிச்சை

பல பத்தாண்டுகளாகத் திறந்த அறுவைச் சிகிச்சையே ஒரே வழியாக இருந்தது. இதில் இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே நெஞ்சு திறக்கப்பட்டு, காயத்துக்கு மேலும் கீழும் பெருந்தமனி கவ்விகளால் மூடப்படுகிறது. பின்னர் கிழிந்த ஓரங்கள் நேரடியாகத் தைக்கப்படுகின்றன. அல்லது கிழிந்த பகுதி நீக்கப்பட்டு, டேக்ரான் துணிக்குழாய் ஒன்று இடையில் வைத்துத் தைக்கப்படுகிறது.

கவ்வி இடப்பட்டிருக்கும் நேரத்தில் தண்டுவடத்துக்குச் செல்லும் குருதி குறைகிறது. இதனால் இடுப்புக்குக் கீழே நிலையான செயலிழப்பு ஏற்படும் ஆபத்து உண்டு. இதைத் தவிர்க்கக் குருதியை ஓர் எந்திரத்தின் மூலம் மாற்று வழியில் கீழுடலுக்குச் செலுத்தலாம். அதற்குப் பொதுவாக ஹெப்பாரின் என்னும் குருதி உறைவெதிர்ப்பு மருந்து தேவைப்படுகிறது. மூளையிலோ கல்லீரலிலோ காயமுள்ள குழந்தைக்கு இம்மருந்து புதிய குருதிக்கசிவை உண்டாக்கலாம். நுரையீரல் நசுங்கியிருந்தால் ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி வைத்து அறுவை செய்வதும் கடினமாகும்.

வரலாறு

குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவருக்கு ஏற்பட்ட பெருந்தமனிக் காயத்தை அந்திரேயாசு வெசாலியசு 1557 ஆம் ஆண்டு விவரித்தார். 1958 ஆம் ஆண்டு பார்ம்லியும் அவருடைய உடனாய்வாளர்களும் வெளியிட்ட பிணக்கூறாய்வுத் தொகுப்பு, இக்காயத்தின் கொடுமையை எண்களால் உணர்த்தியது. காயமுற்றோரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்திருந்தனர்.

குழாய்வழிச் சீரமைப்பின் வரலாற்றில் விபத்துக் காயத்துக்குத் தனி இடம் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக அன்று இருந்த உக்ரைனின் கார்கீவ் நகரில், நிக்கோலாய் வோலொதோசு என்னும் அறுவை மருத்துவர் 1987 ஆம் ஆண்டு நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் முதன்முறையாக ஒட்டுக்குழாயைப் பொருத்தினார். அந்நோயருக்கு இருந்தது விபத்தின் பின் உருவான போலித் தமனி வீக்கமே ஆகும். அப்பணி மேற்குலகில் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1990 ஆம் ஆண்டு அர்கெந்தீனாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் உவான் பரோடி வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஒட்டுக்குழாய் பொருத்தினார். 1994 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டேக் குழுவினர், நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் ஒட்டுக்குழாய் பொருத்தப்பட்ட 13 பேரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர்.

ஐக்கிய அமெரிக்காவில் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனிக்கான முதல் ஒட்டுக்குழாய் 2005 ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. அது முதியோரில் காணப்படும் தமனி வீக்கத்துக்கானது. விபத்துக் காயத்துக்கென ஒப்புதல் 2012 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்திலேயே மருத்துவர்கள் இக்கருவிகளை விபத்தில் அடிபட்டோருக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அமெரிக்கக் காய அறுவை மருத்துவச் சங்கம் நடத்திய இரு ஆய்வுகள் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. 1997 ஆம் ஆண்டு வெளியான முதல் ஆய்வின் காலத்தில் திறந்த அறுவையே வழக்கில் இருந்தது. 2008 ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குழாய்வழிச் சீரமைப்புப் பெற்றனர். சிகிச்சையை ஒட்டிய கீழுடல் செயலிழப்பு 8.7 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

பெரியவர்களில் கிடைத்த இப்பயன்களே சிறாரின் மருத்துவர்களையும் இம்முறையின் பக்கம் திருப்பின. ஆயினும் சிறாரைப் பற்றிய அறிவு பெரும்பாலும் ஓரிரு நோயர்களைப் பற்றிய அறிக்கைகளிலிருந்தும் சிறு தொகுப்புகளிலிருந்தும் பெறப்பட்டதே. காயம் அரிதானதாலும், அடிபட்ட குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் போல் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட இயலாததாலும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடைபெறவில்லை.

செய்முறை

சிகிச்சை பொதுவாக முழு மயக்கத்தில், ஊடுகதிர் வசதியுள்ள அறுவை அறையில் செய்யப்படுகிறது. அதன் படிகள் சுருக்கமாக வருமாறு:

1. தொடைத் தமனி சிறு கீறல் மூலமோ ஊசி மூலமோ அணுகப்படுகிறது.
2. மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்று தமனியினுள் செலுத்தப்பட்டு, காயத்தைக் கடந்து பெருந்தமனியின் வளைவு வரை கொண்டுசெல்லப்படுகிறது.
3. சாயம் செலுத்திப் படமெடுத்து, காயத்தின் இடமும் கிளைத் தமனிகளின் இடமும் உறுதி செய்யப்படுகின்றன.
4. மடித்து வைக்கப்பட்ட ஒட்டுக்குழாயைக் கொண்ட செலுத்துகுழாய், கம்பியின் மேலாக நகர்த்தப்பட்டுக் காயத்தின் இடத்தை அடைகிறது.
5. குருதி அழுத்தம் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டு, ஒட்டுக்குழாய் விரிக்கப்படுகிறது. பாய்ந்துவரும் குருதி அதைக் கீழே தள்ளிவிடாமல் இருப்பதற்கே அழுத்தம் குறைக்கப்படுகிறது.
6. மீண்டும் படமெடுத்து, கிழிசல் மூடப்பட்டதும் கசிவு இல்லாததும் சரிபார்க்கப்பட்டபின் கருவிகள் வெளியே எடுக்கப்படுகின்றன.

ஒட்டுக்குழாயின் சட்டகம் பெரும்பாலும் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் ஆனது. இது சுருக்கி வைக்கப்பட்ட பின் விடுவிக்கப்பட்டால், தன் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும் தன்மை கொண்டது. சட்டகத்தின் மேல் பாலியெசுட்டர் துணியோ விரித்த பாலிடெட்ராபுளோரோஎத்திலீன் படலமோ போர்த்தப்பட்டிருக்கும். ஹெப்பாரின் மிகக் குறைந்த அளவில், அல்லது சில வேளைகளில் அறவே இல்லாமல், இச்சிகிச்சையைச் செய்து முடிக்கலாம். தலைக்காயமுள்ள குழந்தைக்கு இதுவே இம்முறையின் பெரும் பயனாகும்.

சிறாருக்கே உரிய சிக்கல்கள்

பெருந்தமனியின் விட்டம்

ஒட்டுக்குழாய் தமனிச் சுவரை அழுத்திப் பிடித்தே தன் இடத்தில் நிற்கிறது. அதற்காகத் தமனியின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய குழாய் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தமனி வீக்கத்தில் இக்கூடுதல் அளவு பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு ஆகும். விபத்துக் காயத்தில் தமனி நலமானதாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், இதைவிடக் குறைவாகக் கொள்வதே வழக்கம். நெஞ்சுப் பகுதிக்கெனப் பரவலாகக் கிடைக்கும் ஒட்டுக்குழாய்களில் மிகச் சிறியவை 21, 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. 21 மில்லிமீட்டர்க் குழாய் ஏறத்தாழ 16 முதல் 19.5 மில்லிமீட்டர் வரை உள்விட்டம் கொண்ட தமனிக்கானது. பதின்ம வயதின் பிற்பகுதியில் உள்ள ஒருவருக்கு இது பொருந்தலாம். பத்து வயதுக்கும் குறைந்த குழந்தைக்குப் பொதுவாகப் பொருந்தாது.

நுழைவழி

செலுத்துகுழாய்களின் தடிமன் பிரெஞ்சு என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு பிரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 18 பிரெஞ்சு செலுத்துகுழாயின் உள்விட்டம் 6 மில்லிமீட்டர்; சுவரின் தடிமனையும் சேர்த்தால் வெளிவிட்டம் அதைவிடக் கூடும். சிறு குழந்தையின் இடுப்புத் தமனியும் தொடைத் தமனியும் இதைவிடக் குறுகியவை. வலிந்து செலுத்தினால் அவை கிழியலாம். அல்லது அடைபட்டுக் காலுக்குக் குருதி நின்றுபோகலாம். அவ்வாறு அடைபட்டால் அக்கால் நீளத்தில் குன்றி வளரும் ஆபத்தும் உண்டு. இதைத் தவிர்க்க, அடிவயிற்றின் பக்கவாட்டில் சிறு கீறலிட்டு, பெரிய இடுப்புத் தமனியோடு ஒரு துணிக்குழாயைத் தைத்து, அதன் வழியாக ஒட்டுக்குழாய் செலுத்தப்படுவதுண்டு.

வளைவின் நெருக்கம்

சிறாரின் பெருந்தமனி வளைவு சிறிய ஆரம் கொண்டது. விறைப்பான ஒட்டுக்குழாய் அவ்வளைவின் உட்புறத்தோடு ஒட்டாமல், பறவையின் அலகு போல் தூக்கி நிற்கலாம். அவ்விடைவெளியில் பாயும் குருதி குழாயை மேலிருந்து அழுத்தி மடக்கிவிடக்கூடும். தேவைக்கு மிகப் பெரிய குழாயை வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. முதியோருக்கென வடிவமைக்கப்பட்ட தொடக்ககால ஒட்டுக்குழாய்கள் இளம் வயதினரில் இவ்வாறு மடங்கிப்போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மடங்கினால் கீழுடலுக்குச் செல்லும் குருதி திடீரெனத் தடைபடும். இந்நிகழ்வுகளுக்குப் பின்னரே வளைவுக்கு ஏற்ப நெகியும் புதிய வடிவங்கள் உருவாயின.

கிளைத் தமனிகள்

காயம் இடது காறையடித் தமனிக்கு மிக அருகில் இருந்தால், குழாய் பிடித்து நிற்க இடம் வேண்டி அத்தமனியின் வாயையும் மூட நேரிடலாம். பெரும்பாலோர் இதைத் தாங்கிக்கொள்கின்றனர். சிலருக்கு இடது கை சோர்வதும், மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் குருதி குறைவதும் நேர்வதால், கழுத்துத் தமனியிலிருந்து ஒரு மாற்றுவழியை அமைக்க வேண்டியிருக்கும்.

வளர்ச்சி

மேற்கூறியவை சிகிச்சை நாளன்று எழும் சிக்கல்கள். வளர்ச்சியோ பின்னர் வெளிப்படுவது. எடுத்துக்காட்டாக, ஒரு குழந்தையின் பெருந்தமனியில் 16 மில்லிமீட்டர் விட்டத்தில் நிலையான குழாய் ஒன்று வைக்கப்படுவதாகக் கொள்வோம். அக்குழந்தை வளர்ந்தபின் சுற்றியுள்ள பெருந்தமனி 22 மில்லிமீட்டர் விட்டத்தை அடைந்தால், குழாய் உள்ள இடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு மற்ற இடங்களின் பரப்பில் ஏறத்தாழ 53 விழுக்காடாகவே இருக்கும். விட்டத்தில் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு, பரப்பில் பாதியளவு இழப்பாகிறது.

இதன் விளைவு பிறவியிலேயே காணப்படும் பெருந்தமனிக் குறுக்கத்தை ஒத்தது. கைகளில் குருதி அழுத்தம் உயர்ந்தும் கால்களில் குறைந்தும் காணப்படும். இதயத்தின் இடது கீழறை தடையை எதிர்த்து உழைப்பதால் அதன் தசை தடிக்கும். மாறாக, தமனி வளர்ந்து குழாயின் பிடியிலிருந்து விலகினால், குழாய் இடம் பெயர்வதோ அதன் ஓரத்தில் உட்கசிவு ஏற்படுவதோ நிகழலாம். பெருந்தமனி நீளத்திலும் வளர்கிறது. குழாயால் பிடிக்கப்பட்ட பகுதி அவ்வாறு வளர இயலாது.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். திறந்த அறுவையில் தைக்கப்படும் டேக்ரான் துணிக்குழாயும் வளர்வதில்லை. நேரடித் தையல் மட்டுமே வளர்ச்சிக்கு இடமளிக்கிறது. ஆனால் எல்லாக் காயங்களையும் அவ்வாறு தைக்க இயலாது. ஆகவே வளர்ச்சிச் சிக்கல் குழாய்வழி முறைக்கு மட்டுமே உரியதன்று.

மாற்றுக் கருவிகள்

சிறாரின் பெருந்தமனிக் காயத்துக்கெனத் தனியாக வடிவமைக்கப்பட்ட ஒட்டுக்குழாய் பரவலான பயன்பாட்டில் இல்லை. எனவே வேறு நோக்கங்களுக்கென உருவான கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன.

முதலாவது, வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி வீக்கத்துக்கான தொகுதியில் வரும் சிறு நீட்டிப்புக் குழாய்கள். இவை குறைந்த விட்டமும் குறைந்த நீளமும் கொண்டவை. ஆனால் அவற்றின் செலுத்துகுழாய் வயிற்றுப் பகுதியை எட்டும் நீளத்திலேயே இருப்பதால், உயரமானவர்களில் நெஞ்சுப் பகுதியை எட்டாமல் போகலாம். சிறு உடல் கொண்ட குழந்தைகளில் இக்குறை அவ்வளவாகத் தடையாவதில்லை.

இரண்டாவது, பலூனால் விரிக்கப்படும் உறையிட்ட ஸ்டென்ட்கள். இவற்றுள் சீத்தம்-பிளாட்டினம் ஸ்டென்ட் குறிப்பிடத்தக்கது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த கம்பியால் ஆன இது, பெருந்தமனிக் குறுக்கத்துக்காக உருவாக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2016 ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. இது நிட்டினால் குழாய்களைவிட மெல்லிய செலுத்துகுழாயின் வழியே நுழையக்கூடியது. குழந்தை வளர்ந்தபின், பெரிய பலூன் ஒன்றை உள்ளே செலுத்தி இதே ஸ்டென்டை மேலும் விரிக்கலாம் என்பது இதன் பெரும் சிறப்பு. ஆயினும் விரியும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. விரிய விரிய ஸ்டென்டின் நீளமும் குறையும். மேலும், கிழிந்த சுவரில் பலூனை ஊதுவது கவனமாகச் செய்ய வேண்டிய பணியாகும்.

பச்சிளங்குழந்தையில் பொருத்திப் பின்னர்ப் பெரியவர் அளவு வரை விரிக்கத்தக்க மினிமா என்னும் ஸ்டென்ட் 2024 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது குறுகிய குழாய்களை விரிப்பதற்கானது. துணியுறை இல்லாததால் கிழிசலை மூட இது உதவாது. எனினும் வளர்ச்சியைக் கணக்கில் கொண்டு கருவிகளை வடிவமைக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

தொடர் கண்காணிப்பு

ஒட்டுக்குழாய் பொருத்தப்பட்ட சிறாருக்கு வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு தேவை. ஒவ்வொரு வருகையிலும் கை, கால் ஆகிய இரண்டிலும் குருதி அழுத்தம் அளக்கப்படுகிறது. இது எளியது, எந்தச் சிறு மருத்துவமனையிலும் செய்யத்தக்கது. கைக்கும் காலுக்கும் இடையே 20 மில்லிமீட்டர் பாதரச அளவோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால், குழாய் உள்ள இடம் இடுக்கமாகிவிட்டதா என ஆராயப்படுகிறது.

குழாயின் நிலையை அறியச் சி.டி. ஸ்கேன் தெளிவான படத்தைத் தருகிறது. ஆனால் பல பத்தாண்டுகள் தொடர வேண்டிய கண்காணிப்பில், கதிர்வீச்சு சிறிது சிறிதாகச் சேர்கிறது. வளரும் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுவது. எனவே இயன்ற இடங்களில் காந்த அதிர்வுப் படமும் மீயொலிப் படமும் பயன்படுத்தப்படுகின்றன. நிட்டினால் சட்டகம் கொண்ட குழாய்கள் காந்த அதிர்வுப் படத்துக்கு ஏற்றவை. துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை படத்தைச் சிதைக்கின்றன.

குழந்தை பெரியவராகும்போது சிறார் மருத்துவரிடமிருந்து வேறு மருத்துவரிடம் செல்ல நேர்கிறது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஊர் மாறுவதும் உண்டு. வலியோ தொல்லையோ இல்லாத நிலையில் பலர் கண்காணிப்பைக் கைவிட்டுவிடுகின்றனர். ஆகவே பொருத்தப்பட்ட கருவியின் பெயர், விட்டம், நீளம், பொருத்திய நாள் ஆகியவை அடங்கிய குறிப்பைக் குடும்பத்தினர் பாதுகாத்து வைப்பதும், அக்குழந்தை வளர்ந்தபின் தன் நிலையை அறிந்திருப்பதும் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.

கண்காணிப்பில் சிக்கல் தெரியவந்தால், பலூனால் விரித்தல், மற்றொரு குழாயை உள்ளே பொருத்துதல், அல்லது திறந்த அறுவையால் குழாயை நீக்கிப் பெரியவர் அளவிலான துணிக்குழாயை வைத்தல் ஆகிய வழிகள் உள்ளன. திட்டமிட்டு, உடல்நலம் தேறிய நிலையில் செய்யப்படும் இந்த அறுவை, விபத்து நாளன்று செய்யப்படுவதினின்றும் பெரிதும் வேறுபட்டது. அன்று மூளை வீங்கியும் நுரையீரல் நசுங்கியும் இருந்த குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருந்த அறுவையை, பின்னர் நலமான உடலில் ஆயத்தத்துடன் செய்ய முடிகிறது. பாலம் என்னும் ஒப்புமையின் பொருள் இதுவே.

முறையைத் தேர்ந்தெடுத்தல்

எம்முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதை வயது மட்டும் முடிவு செய்வதில்லை. அளக்கப்பட்ட தமனி விட்டம், காயத்தின் தரம், உடனிருக்கும் காயங்கள் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. பொதுவான போக்கு வருமாறு:

* உட்படலக் கிழிசல் மட்டும் இருந்தால், எவ்வயதிலும் மருந்தும் கண்காணிப்பும்.
* பெரியவரின் அளவை நெருங்கிய தமனி கொண்ட பதின்ம வயதினருக்கு, பெரியவர்களைப் போலவே குழாய்வழிச் சீரமைப்பு.
* சிறிய தமனி கொண்ட குழந்தைக்கு வேறு கடுங்காயங்கள் இல்லையெனில், திறந்த அறுவை.
* சிறிய தமனியோடு கடுமையான தலைக்காயமோ நுரையீரல் காயமோ இருந்தால், பின்னர் விரிக்கத்தக்க உறையிட்ட ஸ்டென்ட் அல்லது கிடைக்கும் சிறிய ஒட்டுக்குழாய். வளர்ந்தபின் மறு சிகிச்சை தேவைப்படலாம் என்பதைப் பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே விளக்க வேண்டும்.

இம்முடிவைச் சிறார் அறுவை மருத்துவர், குருதிக்குழாய் அறுவை மருத்துவர், சிறார் இதய மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகியோர் கூடி எடுக்கின்றனர். பெருந்தமனிக் குறுக்கமுள்ள குழந்தைகளுக்கு ஸ்டென்ட் பொருத்திப் பழகிய இதய மருத்துவரின் பட்டறிவு, சிறிய தமனிகளைக் கையாள்வதில் பெரிதும் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பெருந்தமனி
* பெருந்தமனிக் குறுக்கம்
* தமனி வீக்கம்
* ஸ்டென்ட்
* நிட்டினால்
* இருக்கைப் பட்டை